குடைக்காரியின் வழக்கு

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளுக்கு நகலம்மா என்று பெயர். முகத்துக்கு முன்னால் மேடம். படியில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் நகலம்மா. அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பதிப்புரிமைக் கட்டுகளை அங்கே யாரும் சீந்த மாட்டார்கள். நிலம், வரி, கொலை இவற்றுக்குத்தான் மரியாதை. "கொலைக் கேசு நடத்தினா பேப்பர்ல பேர் வரும். நகல் கேசு நடத்தினா பேப்பர் மட்டும்தான் வரும்" என்று பெரிய வக்கீல்கள் சிரிப்பார்கள். புதியவள், சிபாரிசு இல்லாதவள், வாய் செத்தவள் என்று பார்த்து அந்தக் கட்டுகளை அவள் தலையில் கட்டினார்கள். கழிவறையை ஒட்டிய அறை. மழைக்காலத்தில் சுவரில் கை வைத்தால் பச்சையாக ஒட்டிக்கொண்டு வரும். காகிதங்கள் நமத்துப் போய்ப் பேனா முனைக்குக் கிழியும்.

அவள் அங்கேயே வேர் பிடித்தாள். அரசாங்கம் போட்ட வரைபடத்தை யார் அச்சடிக்கலாம், வானொலியில் சம்பளத்துக்குப் பாடியவரின் குரல் யாருக்குச் சொந்தம், பள்ளிப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக அடித்து விற்கிறவனை எந்தப் பிரிவில் பிடிப்பது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் அவள் அறையில் விளக்கு எரியும். கேட்டால், "இன்னும் ஒரு கட்டு இருக்கு" என்பாள். எப்போதும் இன்னும் ஒரு கட்டு இருந்தது.

அவளை மேலே தூக்கி வைத்தது ஒரு விதவையின் வழக்கு. செய்தித் துறையில் புகைப்படக்காரராக இருந்து செத்துப் போனவரின் மனைவி அந்த அம்மாள். அவர் எடுத்த வெள்ளத்துப் படம் ஒன்றை அரசாங்கம் சுவரொட்டியிலும் தபால்தலையிலும் போட்டது. படத்துக்குக் கீழே அவர் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மாள் கேட்டது. அரசு தரப்பில் இவள் எழுந்து நின்றாள். "சம்பளம் வாங்கிச் செய்த வேலையின் மீது ஒருவருக்குப் பாசம் இருக்கலாம், உரிமை இருக்க முடியாது" என்றாள். நீதிபதி அந்த வரியை அப்படியே தீர்ப்பில் எடுத்து எழுதினார். படம் மட்டுமல்ல, படத்தின் பெயரும் மானமும்கூட வேலை கொடுத்தவருக்கே என்று ஆகிப் போனது. சட்டக் கல்லூரியில் அதைப் பாடமாக வைத்தார்கள். கழிவறைப் பக்கத்திலிருந்து மாடியில் ஜன்னல் உள்ள அறைக்கு அவளை மாற்றினார்கள். தலைமை வழக்கறிஞருக்கு அடுத்த நாற்காலி காலியாகும்போது அது அவளுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

வீட்டில் மூன்று பேர். அக்கா, அக்காவின் கணவர், அவள். பெற்றவர்கள் போன பிறகு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள், அங்கிருந்தேதான் சட்டம் படித்தாள். "பெண்ணுக்கு எதுக்கு வக்கீல் படிப்பு" என்று உறவில் எல்லோரும் முகம் சுளித்தபோது, "வாய் இல்லாத பொண்ணு, கறுப்புக் கோட்டாவது இருக்கட்டும்" என்று சொல்லி அத்தான்தான் சேர்த்துவிட்டார். கல்யாணப் பேச்சு வந்து வந்து, அதுவாகவே அலுத்துப் போய் நின்றுவிட்டது. அவளும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

அத்தான் பாடநூல் அலுவலகத்தில் ஓவியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கை நடுக்கம் வந்துவிட்டது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். ஆனால் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் குடைக்கான பக்கத்தில் நிற்கிற சிறுமி அவர் கை போட்டது. வலது தோளில் சாய்ந்த குடை, பாதி மூடிய கண்ணில் ஒரு சிரிப்பு, வார் மாட்டாத ஒற்றைச் செருப்பு. நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். குடைக்காரி என்பார்கள். வரைந்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது.

குடைக்காரி அவர்களுடைய ஒரே பெண். புத்தகம் அச்சாகி வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் இருந்த புகைப்படங்களில் அவள் ஒரு இடத்தில் நின்றதே இல்லை; எல்லாம் கலங்கல். தெளிவாக இருந்தது அந்தப் பக்கம் ஒன்றுதான். பள்ளி திறக்கும் மாதத்தில் தெருப் பிள்ளைகள் புதுப் புத்தகத்தோடு போகும்போது அக்கா வாசற்கதவைச் சாத்திவிடுவாள். எல்லோரும் போன பிறகு திறப்பாள்.

ஒரு நாள் அக்கா கடைக்குப் போய்விட்டு மழையில் தெப்பமாக நனைந்து வந்தாள். அரிசியையும் முட்டையையும் மேசையில் வைத்தாள். பிறகு ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துத் தங்கையின் முன்னால் போட்டாள்.

"வீட்ல எலி வந்துடுச்சா என்ன?" என்றாள் தங்கை.

"அட்டையைப் பாரு."

எலி மருந்து. அட்டையில் குடைக்காரி. ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். உதட்டில் சிவப்பு. குடையைத் தடி மாதிரி ஓங்கியிருந்தாள். காலடியில் நாக்குத் தள்ளி ஒரு எலி கிடந்தது. மேலே, 'ஒரே போடு!' என்று கொட்டை எழுத்து. வார் மாட்டாத செருப்பை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள்.

"யார் குடுத்தா இவங்களுக்கு?" என்றாள் அக்கா.

"துறைதான் குடுத்திருக்கும்."

"துறைன்னா யாரு? அதுக்கென்ன கை காலா இருக்கு?"

தங்கை பெட்டியைக் கவிழ்த்து வைத்தாள். அக்காவின் சேலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உனக்குத் தெரியும். உன் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு."

"புத்தகத்துல இருக்கிற படத்தையெல்லாம் மொத்தமா வெளியாளுக்குக் குடுக்கலாமான்னு எங்கிட்ட கருத்துக் கேட்டாங்க. குடுக்கலாம்னு எழுதினேன்."

"நீயா?"

"நான்தான்."

"இவளும் அதுல இருக்கான்னு தெரிஞ்சா எழுதின?"

"தெரியும்க்கா. ஸ்கூல் பையில போடுவாங்க, பென்சில் டப்பாவுல போடுவாங்கன்னு நினைச்சேன். அத்தானுக்குக்கூட சந்தோஷமா இருக்கும்னு..."

"அவர்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"ஒரே வீட்ல இருக்கோம். ஒரே பானையில திங்கிறோம். ஒரு வார்த்தை ஏன் கேக்கல?"

"சட்டப்படி கேக்க வேண்டியதில்லக்கா."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது.  தங்கை ஏற்றி வைத்திருந்த அடுப்பை அக்கா போய் அணைத்தாள். உலை அரைக் கொதியில் நின்றது.

பேச்சுச் சத்தம் கேட்டு அத்தான் உள்ளே வந்தார். பெட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். கை ஆட்டத்தில் உள்ளே மருந்து குலுங்குகிற சத்தம் கேட்டது.

"கோடு பரவாயில்ல. பழகின கைதான்" என்றார். "கண்ணைக் கெடுத்துட்டான். அவளுக்குக் கண்ணடிக்கல்லாம் தெரியாது. ரெண்டு கண்ணையும் சேர்த்து மூடிக்குவா."

அன்று யாரும் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அக்கா தங்கையோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு மட்டும் எப்போதும்போல நேரத்துக்கு வந்தது. சோறு, பருப்பு, முட்டை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் அக்காவின் பேச்சு இருந்தது.

தங்கை கல்வித் துறைச் செயலாளரைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், டீ சொன்னார்.

"மேடம், நீங்க எழுதிக் குடுத்ததை வச்சித்தானே நாங்க கையெழுத்தே போட்டோம்."

"தெரியும் சார். அந்த ஒரு படத்தை மட்டும் திரும்ப வாங்கிடலாமா?"

"என்ன காரணம்னு சொல்றது? பழைய ஊழியர் ஒருத்தருக்கு மனசு கஷ்டமா இருக்குன்னா? நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. பாசம் வேற, உரிமை வேற. நீங்க சொன்னதுதானே. என் பையன் சட்டம் படிக்கிறான், அவன் அதை மனப்பாடமா சொல்றான்."

அவள் டீயைத் தொடவில்லை.

"அதுவும் இல்லாம, அது ஒரு குழந்தை படம் மேடம்" என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். "யார் வீட்டுக் குழந்தையா வேணா இருக்கலாம்."

 அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அத்தானே வழக்குப் போட்டார். படம் துறையுடையதாக இருக்கட்டும், அதைச் சிதைத்து எலி மருந்தில் போட மட்டும் விடாதீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்த ஒரு பெண் வக்கீல் எடுத்து நடத்தினாள். துறை பதில் போட்டது. படத்திலிருப்பது எந்தக் குறிப்பிட்ட குழந்தையும் அல்ல. அலுவலக உத்தரவின்படி கற்பனையாக வரையப்பட்டது. ஆகையால் யாருக்கும் மனக்காயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"நேர்ல பார்த்தவங்க யாராவது சொன்னா நல்லது" என்றாள் அந்த வக்கீல் பெண், வீட்டுக்கு வந்தபோது. "அவர் வரையும்போது கூட இருந்தவங்க."

அக்கா அந்தக் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது அத்தானும் குழந்தையும், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சித்தியான இவளும்தான். அக்காவும் அத்தானும் தங்கையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள்.

அரசு வேலையில் இருக்கிறவர் அரசுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அனுமதி வாங்க வேண்டும். அவள் கேட்டாள். மறுத்துவிட்டார்கள். இனி ஒரு வழிதான் மிச்சம்.

அத்தான் பின்கட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் தோலோடு பாதிக் கிழங்கும் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதற்காக ஒரு நாளும் அவரிடமிருந்து கத்தியை வாங்கியதில்லை.

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் அத்தான்."

"பைத்தியமா உனக்கு? அந்த நாற்காலிக்கு எவ்ளோ காலமா தேஞ்சிருக்க. கிட்ட வந்துட்டு விடுவாங்களா?"

"சாட்சி சொல்ல வேற வழி இல்ல."

"சொன்னா மட்டும் ஜெயிச்சுடுவோமா? நீ சட்டம் தெரிஞ்சவ. சொல்லு."

"மாட்டோம்" என்றாள்.

"அப்புறம்? படம் தோத்தா தோத்துட்டுப் போகுது. நீயும் எதுக்கு தோக்கணும்?"

"அது யாரும் இல்லன்னு எழுதியிருக்காங்க அத்தான். கற்பனையாம். அது அவதான்னு சொல்றதுக்கு நான் ஒருத்திதானே இருக்கேன்?"

அத்தான் கிழங்கைத் தண்ணீரில் போட்டார். அடுத்த கிழங்கை எடுத்தார். "உங்க அக்காகிட்ட சொல்லாத" என்றார். "வேணாம்னு சொல்லிடுவா. உன்மேல கோவம்தான். ஆனா வேணாம்னுதான் சொல்லுவா."

அவள் அறையைக் காலி செய்த அன்று மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அவளிடம் தொழில் கற்ற சின்ன வக்கீல் மட்டும் வாசல் வரை வந்தான். துறைக்காக ஆஜராகச் சொல்லி வழக்கை அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

"எனக்கு இது பிடிக்கல மேடம். வேற யார்கிட்டயாவது குடுங்கன்னு கேட்டேன்."

"ஒழுங்கா நடத்து. அரைகுறையா நடத்தினா எனக்குத்தான் கெட்ட பேர்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

விசாரணை நாளில் நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அத்தானைக் கூண்டில் ஏற்றினார்கள். சின்ன வக்கீல் குரலை உயர்த்தாமல் கேட்டான்.

"ஐயா, இந்தப் படத்தை வரைஞ்ச பேப்பர் யாரோடது?"

"ஆபீசுது."

"மை, பிரஷ்?"

"எல்லாம் ஆபீசுதுதான். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வரைஞ்சேன்."

"அதுக்கு உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க இல்லையா?"

"குடுத்தாங்க. குறைன்னு சொல்ல மாட்டேன்." அத்தான் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், அதுவும் சேர்ந்து ஆடியது. "மை அவங்களுது தம்பி. பேப்பர் அவங்களுது. கைகூட அந்த நேரத்துக்கு அவங்களுதுன்னு வச்சுக்குங்க. பிள்ளை மட்டும் எங்களுது."

அடுத்து அவள். ஆயுள் முழுக்க வக்கீல் மேசைக்குப் பின்னால் நின்றவளுக்குக் கூண்டுக்கு எந்தப் பக்கம் படி என்று தெரியவில்லை. சிப்பந்தி கைகாட்டினான். எதிரே சுவரோரப் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"படத்தில் இருப்பது யார்?" என்று நீதிபதி கேட்டார்.

"எங்க அக்கா பொண்ணு."

"பெயரைச் சொல்லுங்கள். பதிவு செய்ய வேண்டும்."

அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது. 'அவ' என்பார்கள், 'குழந்தை' என்பார்கள், பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவள் தட்டச்சு மேசைப் பக்கம் திரும்பினாள். பெயரைச் சொன்னாள். தட்டச்சு செய்கிறவர் எழுத்துக் கேட்டார். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வது தெரிந்தது.

"என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க" என்றாள் வக்கீல் பெண்.

"ஒரு இடத்துல நிக்க மாட்டா. குடைய இடது தோள்ல வைன்னா வலது தோள்ல வைப்பா. செருப்பு வாரை மாட்டிக்கோன்னாரு. சித்தி வந்து மாட்டட்டும்னு அடம் பிடிச்சா. நான் போகல. பரீட்சை இருந்துச்சு. படிச்சுக்கிட்டிருந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தா. அவர் அப்படியே வரைஞ்சுட்டாரு."

சின்ன வக்கீல் எழுந்தான். கையில் இருந்த பழைய தீர்ப்பை அவளிடம் நீட்டாமல் தானே படித்தான்.

"சம்பளம் வாங்கிச் செய்த வேலையின் மீது ஒருவருக்குப் பாசம் இருக்கலாம், உரிமை இருக்க முடியாது. இது யார் சொன்னது மேடம்?"

"நான்தான்."

"தப்பா வாதாடினீங்களா அன்னைக்கு?"

நீதிபதி பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தப்பு என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது.

"இல்ல. சட்டம் அன்னைக்கு இருந்தபடி சரியாத்தான் வாதாடினேன்" என்றாள். "அந்த அம்மா இப்போ அக்கா இருக்கிற மாதிரி அங்கதான் உட்கார்ந்திருந்தாங்க. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. அவங்க முகம் எப்படியிருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"வேற கேள்வி இல்ல" என்று சொல்லி அவன் உட்கார்ந்துவிட்டான்.

தீர்ப்பு வந்த அன்றும் மழை. படத்தில் இருப்பது மனுதாரரின் மகள்தான் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்தப் பெற்றோரின் துயரத்தை இந்த நீதிமன்றம் உணர்கிறது என்றார். பிறகு அவளுடைய வரியை வாசித்தார். மனுவைத் தள்ளுபடி செய்தார். எலி மருந்துக் கம்பெனியின் வக்கீல் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து போனான். அவனுக்கு இது அன்றைக்கு நான்காவது வழக்கோ ஐந்தாவது வழக்கோ.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீல் பெண் கண் கலங்கி நின்றாள். "மேல போகலாம் சார். ஆனா மேலயும் இதே தீர்ப்பைத்தான் படிப்பாங்க" என்றாள்.

"போதும்மா" என்றார் அத்தான். "அது எங்க பொண்ணுதான்னு எழுதிட்டாரா?"

"எழுதியிருக்காரு. பேர் போட்டே எழுதியிருக்காரு."

"அது போதும்."

போதாது என்று அவர் முகத்தில் தெரிந்தது. தெரிந்தும் மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

பேருந்தில் நல்ல கூட்டம். ஈரக் குடைகளும் ஈரச் செருப்புகளும் கலந்த வாடை. அத்தானுக்கு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்திலேயே அக்காவுக்கும் கிடைத்தது. தங்கை மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கடைத்தெருவில் வண்டி மெதுவாகப் போனது. கடைகளின் முகப்பில் எலி மருந்து அட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றுக்கு எல்லாம் சேர்ந்து கண்ணடித்தன. அக்கா ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வேலைய விட்டுட்டேன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் திரும்பாமல்.

பல மாதங்களுக்குப் பிறகு அக்கா பேசிய முதல் பேச்சு அது.

"வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். நீ பண்ணினதுக்கு இதோட சரியாப் போச்சுன்னு நினைச்சுக்காத."

"நினைக்கலக்கா."

"அவ பேரைச் சொன்னியே அன்னைக்கு."

"ம்."

"எனக்கு வாய் வரமாட்டேங்குது. தனியா இருக்கும்போது சொல்லிப் பார்த்தேன். வரல." அக்கா ஈர முந்தானையை மடியில் வைத்துப் பிழிந்தாள். "இன்னொரு தடவை சொல்லேன்."

தங்கை சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டுக் குனிந்து, நீதிமன்றத்தில் சொன்னதுபோல் இல்லாமல், சாயங்காலத்தில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயரைச் சொன்னாள். பேருந்தின் இரைச்சலுக்கு அது கேட்காமல் போய்விடுமோ என்று மறுபடியும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. "மெதுவா" என்றார். "மெதுவா கூப்பிடும்மா. பயந்துக்குவா."